மண்ணுள் மறைந்த வரலாறு

பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் அமைந்துள்ளது நியூசிலாந்து நாடு. அதன் பழங்குடி மக்கள் மாவோரியர் எனப்படுவர். அவர்தம் முன்னோர் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாலினீசியத் தீவுகளிலிருந்து மரக்கலமேறிச் சென்று அங்குக் குடியேறினர். அவர்கள் தம் குலவரலாற்றை வாய்மொழியாகவே போற்றி வந்தனர். அவ்வரலாற்றின் தொடக்கத்தை அந்நாட்டுக் கடற்கரை ஒன்றும் தன்னுள் மறைத்து வைத்திருந்தது.

அந்நாட்டுத் தென்தீவின் வடபால் வைராவ் என்னும் ஆறு கடலொடு கலக்கின்றது. அதன் முகத்துவாரத்தில், அலைகள் கூழாங்கற்களைக் குவித்து உண்டாக்கிய நீண்ட திட்டு ஒன்று உண்டு. 1939ஆம் ஆண்டில் ஜிம் ஐல்ஸ் என்னும் பள்ளிச் சிறுவன் அவ்விடத்தைத் தோண்டினான். சுரைக்குடுக்கை போன்ற ஒன்று தென்பட்டது. உற்று நோக்கியபோது, அது துளையிடப்பெற்ற பெரியதொரு முட்டை எனத் தெரிந்தது. அருகே மனித எலும்புகளும் ஒரு கழுத்தணியும் இருந்தன. அம்முட்டை மோவா என்னும் பறவையினுடையது. மோவா சிறகற்றது, அதன் பேரினம் மனிதரினும் உயரமானது, இன்று பூண்டோடு அழிந்துபோனது.

மோவாவை வேட்டையாடியோர் மாவோரியர்க்கு முற்பட்ட வேற்றினத்தார் என அறிஞர் சிலர் முன்னர்க் கருதினர். காண்டர்பரி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராஜர் டஃப் என்பார் இத்திட்டினை ஆராய்ந்தார். அங்குக் கிடைத்த கல்வாய்ச்சிகளும் அணிகலன்களும் கிழக்குப் பாலினீசியத் தீவுகளின் பொருள்களை ஒத்திருந்தன. எனவே, அவ்வேட்டுவர் மாவோரியரின் முன்னோரே என்பதை 1950இல் வெளிவந்த தம் நூலில் அவர் தெளிவாக்கினார். சூடேற்றிய கற்களைக் குழியிலிட்டு அவர்கள் சமைத்தனர் என்பதை அடுப்புக் குழிகளும், மோவாவையே பெரிதும் உண்டனர் என்பதை எலும்புக் குவியல்களும் காட்டின. மக்கள் குடியேறி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் அப்பறவையினம் அழிந்தது.

ஆராய்ச்சியின்பொருட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. அறிஞர்க்கு அவை சான்றுகள். அப்பகுதியில் வாழும் ரங்கிட்டானே குலத்தார்க்கோ அவை பாட்டன் பாட்டியரின் உடற்கூறுகள். முன்னோரைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அவர்கள் நெடுங்காலம் வேண்டினர். 2009ஆம் ஆண்டில் அவ்வேண்டுகோள் நிறைவேறியது. அடக்கம் செய்வதற்கு முன் அவ்வெலும்புகளை ஆராய்ந்து கொள்ள அக்குலத்தார் இசைந்தனர். பின்னர் அவை பழைய திட்டிலேயே உரிய சடங்குகளுடன் நல்லடக்கம் செய்யப்பெற்றன.

மண்ணைத் தோண்டி உண்மை காண்பது அறிவு. அம்மண் ஒருவர்தம் முன்னோர் துயிலும் இடம் என உணர்ந்து ஒழுகுவது பண்பு. இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் ஆராய்ச்சி சிறக்கும்.