இடுப்பு மூட்டு ஆபரேஷனும் பக்கத்துக் கட்டில்காரரின் துணையும்



இடுப்பு மூட்டு ஆபரேஷன் என்றால் அது வயசானவர்கள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாதி உண்மைதான். பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்து வருகிற ஆச்சிமாரையும் பாட்டாமாரையும் எலும்பு முறிவு வார்டில் எப்போதும் பார்க்கலாம். இரண்டு பருவ மழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஈரத்துக்கும் பாசிக்கும் இங்கே குறைவில்லை.

ஆனால் அதே வார்டில் முப்பது, நாற்பது வயசுக்காரர்களும் படுத்திருக்கிறார்கள். இவர்களில் பலருக்குத் தொடை எலும்பின் தலைக்குப் போகிற இரத்த ஓட்டம் குறைந்து, அந்த எலும்பு செத்து நொறுங்கிப் போயிருக்கும். நெடுநாள் குடிப்பழக்கம், டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு மருந்து தின்பது, முன்பு பட்ட பெரிய அடி ஆகியவை இதற்கு முக்கியமான காரணங்கள். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை. பனையேறுகிறவர், கடலுக்குப் போகிறவர், ரப்பர் பால்வெட்டுகிறவர் இப்படிப் படுத்துவிட்டால் குடும்பத்தின் வருமானமும் சேர்ந்து படுத்துவிடுகிறது. மனைவி அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போவாளா, ஆஸ்பத்திரியில் காவல் இருப்பாளா? ஆகையால் இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது

விழுந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் சற்றுக் கட்டையாகிப் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பு முறிவு இருக்கலாம். தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

நம் ஊரில் ஆசான்மார் பலர் இருக்கிறார்கள். வர்மம், எண்ணெய்த் தடவு, கட்டு எல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த வித்தை. அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் கதை வேறு. எலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. முறிவில் அவை அறுந்துபோனால் எத்தனை கட்டுப் போட்டாலும் எலும்பு கூடாது. வயசானவர்கள் வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் வந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். உடம்பு இடம் கொடுத்தால் ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் ஆவதே நல்லது. அதற்கு முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. சேரும்போதே குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

ஆபரேஷன் ஒரே மாதிரி இல்லை

இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகிற விஷயத்துக்கு இதுதான் ஆதாரம்.

சிலருக்கு முறிந்த எலும்பைக் கம்பியோ திருகாணியோ போட்டு இணைப்பார்கள். சிலருக்குப் பந்து போன்ற தலையை மட்டும் எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பார்கள். இன்னும் சிலருக்குப் பந்து, கிண்ணம் இரண்டையும் மாற்றி முழு மூட்டே புதிதாக வைப்பார்கள். வைத்த மூட்டு சிலருக்குச் சிமெண்டில் பிடித்து நிற்கும், சிலருக்கு எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் எல்லோருக்கும் இடுப்பில் ஒரே தையல்தான். உள்ளே இருப்பது வேறு வேறு.

முழு மூட்டு மாற்றுவதை நிலைபெறச் செய்தவர் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி. முதலில் அவர் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில வருஷத்திலேயே தேய்ந்து போயின. 1962 நவம்பரில் வேறு வகைப் பிளாஸ்டிக்கில் கிண்ணம் செய்து வைத்தார். அது நிலைத்தது. அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலர், தாங்கள் இறந்தபின் அந்த மூட்டை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று சம்மதம் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதில் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்களின் மூட்டு மேம்பட்டது. ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குச் செய்கிற உதவியில் இதைவிடப் பெரியது உண்டா என்று தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் அண்ணாச்சி

ஆபரேஷனுக்கு முந்திய ராத்திரி நோயாளிக்கு வருகிற பயத்தை டாக்டர் ஓரளவுதான் தீர்க்க முடியும். "ஒண்ணும் பயமில்லை" என்று டாக்டர் சொன்னால், "அவருக்கென்ன, சொல்லுவார்" என்றுதான் மனசு நினைக்கும். அதே ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடக்கிற ஒரு ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டால் பயம் தானே குறையும். பார்த்தால் பேச்சுக் கொடுங்கள். இப்படித்தான் பேச்சு போகும்:

"அண்ணாச்சி, முதல் நாள் எந்திச்சு நிக்கும்போ எப்படி இருந்தது?"

"தலை சுத்தும் மக்கா. கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப்போட்டு அஞ்சு நிமிசம் இருந்துட்டுப் பைய எந்தி. நர்ஸம்மா பக்கத்துல நிக்காம எந்திக்காத."

இந்த இரண்டு வரியில் பயமும் போயிற்று, தெரிய வேண்டியதும் தெரிந்துவிட்டது. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுகிற பயிற்சியை மணிக்கொரு தரம் செய்யச் சொல்வார்கள். தனியாகச் செய்தால் சலிப்பு. மூன்று கட்டில்காரர்கள் சேர்ந்து எண்ணிக்கொண்டு செய்தால் அது ஒரு விளையாட்டுப் போல ஆகிவிடும். காலில் ரத்தம் உறையாமல் இருக்க இந்தப் பயிற்சி உதவும். சிறிது என்று விட்டுவிடாதீர்கள்.

பெண்களுக்குப் பெண்களிடம் கேட்க வேண்டியவை உண்டு. கக்கூசுக்கு எப்படிப் போவது, மாதவிலக்கு நாளில் எப்படிச் சமாளிப்பது, சேலை கட்டுவதா நைட்டி போடுவதா? இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். அடுத்த கட்டில் மயினியிடம் கூச்சம் இராது. வராந்தாவில் காவல் இருக்கிற மனைவிமாரும் கணவன்மாரும் ஒருவருக்கொருவர் துணைதான். ஒருவர் கஞ்சி வாங்கப் போனால் மற்றவர் இரண்டு நோயாளியையும் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் பலருக்கு மனசு தளர்ந்து போகிறது. பார்க்க வந்தவர்கள் கூட்டம் குறைந்திருக்கும், வலி முழுக்கப் போயிருக்காது, கைக்காசு கரைந்திருக்கும். "இனி என்னால ஒண்ணுக்கும் ஏலாது" என்று ஆம்பிளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் மனைவி ஆறுதல் சொன்னால் சண்டையில் முடிவதும் உண்டு. வார்டில் பழகிய சேக்காளிக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்கள். "எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஆறாம் வாரம் திண்ணை வரை நடந்தேன்" என்று அவர் சொன்னால் கேட்பார். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் மருந்தால் குணமாகிற நோய்தான்.

ஆனால் இதைக் கேட்காதீர்கள்

பக்கத்துக் கட்டில்காரர் சில சமயம் வேறு மாதிரியும் பேசுவார். "எனக்கு மூணாம் நாளே காலை ஊன்றி நடக்கச் சொன்னாவ. நீ ஏன் இன்னும் பயந்துட்டு நிக்க?" இந்தப் பேச்சில்தான் ஆபத்து. அவருக்கு வைத்தது முழு மூட்டாக இருக்கலாம், உங்களுக்குப் போட்டது கம்பியாக இருக்கலாம். எந்தக் காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல முடியும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருடைய மாத்திரையை நீங்கள் வாங்கித் தின்னவும் கூடாது. முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையும் வலி மாத்திரையும் ஆளுக்கு ஆள் மாறும். தையல் ஆறும்வரை ஒருவர் கட்டிலில் இன்னொருவர் உட்காருவது, துவர்த்தும் சவரக் கத்தியும் மாற்றிக்கொள்வது, கட்டைத் தொட்டுப் பார்ப்பது ஒன்றும் வேண்டாம். மாற்றிய மூட்டில் கிருமி புகுந்தால் சில சமயம் மூட்டையே எடுக்க வேண்டி வரும்.

வீட்டில்

முதல் மூன்று மாதம் தரையில் இருக்கக் கூடாது. சம்மணம் கூடாது, குரண்டியும் கூடாது. புது மூட்டு வைத்தவர் இடுப்பை நேர்கோணத்துக்கு மேல் மடக்கினாலும், கால்மேல் கால் போட்டாலும், காலை உள்பக்கம் திருகினாலும் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடக்கூடும். குனிந்து செருப்பு மாட்டுவது, கட்டில் கால்மாட்டில் கிடக்கிற போர்வையை எட்டி இழுப்பது எல்லாம் இதில் அடங்கும். தொய்ந்த கயிற்றுக் கட்டில் ஆகாது. பலகைக் கட்டிலின் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். இரண்டு தொடைக்கும் நடுவே தலையணை வைத்து மல்லாந்து படுப்பது நல்லது. மூன்று மாதத்துக்குப் பின் எது செய்யலாம் என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிலருக்குத் தரையில் இருப்பது வாழ்நாள் முழுதும் கூடாது.

குந்தி இருக்கிற கக்கூஸ்தான் பெரிய பிரச்சினை. நடுவில் ஓட்டை உள்ள உறுதியான நாற்காலி இருந்தால் சமாளிக்கலாம். கோயிலானாலும் சர்ச் ஆனாலும் பள்ளிவாசல் ஆனாலும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி இருங்கள். சாமி கோபிக்காது. கல்யாணப் பந்தியிலும் அப்படியே. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். பைக்கின் பின்னால் பெண்கள் ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்து போவது இந்த மூன்று மாதமும் கண்டிப்பாக வேண்டாம்.

ஆபரேஷன் ஆனது மனைவிக்கு என்றால் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. அருவாமணையில் குந்தியிருந்து மீன் வெட்டுவது, குனிந்து வாரியல் பிடித்துப் பெருக்குவது, குடம் தூக்குவது எல்லாம் இப்போது உங்கள் வேலை. அடுக்களையில் ஆம்பிளை நின்றால் ஊர் சிரிக்கும் என்று பார்க்க வேண்டாம்.

ஆசானிடம் எண்ணெய் தடவிக் காலை இழுத்துவிடச் சொல்லாதீர்கள். பயிற்சி சொல்லித்தர 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஊர் நர்ஸிடம் பெயர் கொடுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். மீனும் முட்டையும் தின்றால் தையல் சீழ் பிடிக்கும் என்பது தப்பு. புண் ஆறுவதற்கே அவைதான் வேண்டும். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், அதோடு சாளை மீனோ பயறோ சேர்ந்தால்தான் உடம்பு தேறும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பீடியும் குடியும் அறவே கூடாது.

தம்பதியர் கேட்கத் தயங்குவது

தாம்பத்திய உறவு எப்போது? பெரும்பாலோருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின், டாக்டர் சரி என்ற பிறகு. ஆபரேஷன் ஆனவர் மல்லாந்து, இடுப்பை அதிகம் மடக்காமல் இருப்பது பாதுகாப்பு. வலித்தால் அன்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் வெட்கமோ குறையோ இல்லை.

மனைவி மாலா-டி, மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறைகிற வாய்ப்பை அது சற்றுக் கூட்டும். அதை நிறுத்தச் சொன்னால் நிரோத் இருக்கிறது. காப்பர்-டி போட்டிருந்தால் அதை எடுக்க வேண்டியதில்லை. மூட்டு மாற்றிய பெண் பிறகு குழந்தை பெறலாமா? பெறலாம். நன்றாகக் குணமாகி நடமாடத் தொடங்கிய பின் கர்ப்பம் தரிப்பது நல்லது. செயற்கை மூட்டு என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் வேண்டியதில்லை. ஆனால் பிரசவ அறையில் அந்தக் காலை அதிகமாக மடக்கி விரிக்காமல் இருக்க, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உடனே போக வேண்டிய நேரம்

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், தையலில் நீரோ சீழோ வடிந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு வலித்தாலோ, சடக்கென்று பொறுக்க முடியாத வலி வந்து கால் கட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ 108. பக்கத்துக் கட்டில்காரரிடம் போன் போட்டு யோசனை கேட்கிற நேரமல்ல அது.

வாக்கர் வேண்டாத நிலை வந்ததும் பலர் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அடுத்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர் யார் என்று மறுபரிசோதனை நாளில் விசாரித்துக் கொடுங்கள். வாங்குகிறவர் சோப்புத் தண்ணீரில் கழுவி, நான்கு கால் ரப்பரும் தேயாமல் இருக்கிறதா என்று பார்த்து, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரத்துக்குப் பிடியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.