மழையை அளப்போம், முந்திக்கொள்வோம்

இடம்பெயர்ந்து ஹந்தானைச் சரிவுகளில் வாழும் உறவுகளே,

2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. 2005இலும் 2011இலும் ஆபத்து அறிவிக்கப்பட்டிருந்தது. மக்களுக்கோ போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழைவீழ்ச்சியை வைத்தே மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பாயிருக்கவேண்டும்; 100 கடந்தால் ஆயத்தமாகவேண்டும்; 150 கடந்தால் உடனே வெளியேறவேண்டும்.

நேரான பக்கங்களுள்ள வெற்று டின்னொன்றைத் திறந்தவெளியில் வைத்து, சேரும் நீரை அடிமட்டத்தால் அளந்தால் நாமும் இதை ஓரளவு அறியலாம். யார் அளப்பது, இரவில் யார் கதவு தட்டுவது, எங்கே கூடுவது என்பதை இன்றே தீர்மானியுங்கள். நிலம் வெடித்தாலோ ஊற்று கலங்கினாலோ, அளவு பார்த்திராமல் வெளியேறுங்கள்.

போக இடமில்லாதவருக்கு எச்சரிக்கை பாதி உதவியே. பாதுகாப்பான காணிக்கான கோரிக்கையையும் கைவிடாதிருப்போம்.