கையிருப்பெல்லாம் மிச்சமல்ல

ஆலயக் கணக்கைக் கையில் வாங்கியதும் நம்மில் பலர் முதலில் தேடுவது வங்கியிருப்பைத்தான். பள்ளியில் கணிதம் கற்பித்த நானும் அதற்கு விலக்கல்லன். அதனால் பட்ட பாடத்தை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

2008ஆம் ஆண்டு எங்கள் சிறிய ஆலயத்திற்கு நான் பொருளாளர். அவ்வாண்டு வரவு 60,000 வெள்ளி. செலவு 42,000 வெள்ளி. மீதம் 18,000 வெள்ளி என்று அடுத்த ஜனவரியில் நிர்வாகக் குழுவில் பெருமையோடு அறிவித்தேன். வசதி குறைந்த 20 மாணவர்களுக்குத் தலா 500 வெள்ளி கல்வி நிதி வழங்கத் தீர்மானித்துப் பெற்றோருக்கும் சொல்லிவிட்டோம்.

நான் எழுதியது ரொக்க அடிப்படைக் கணக்கு. பணம் கைக்கு வந்தால் வரவு. கையை விட்டுப் போனால் செலவு. எளிய முறைதான், ஆனால் அப்பணம் எந்த ஆண்டுக்கு உரியது என்று அது கேட்பதில்லை. ‘அக்ருவல்’ எனப்படும் நிகழ்வு அடிப்படை அதைக் கேட்கும். பணம் எப்போது கைமாறினாலும், வருமானம் உரித்தான ஆண்டிலும் செலவு நேர்ந்த ஆண்டிலுமே எழுதப்படும்.

கணக்காய்வாளர் அம்முறையில் பார்த்தார். தைப்பூசத்திற்காக டிசம்பரிலேயே வந்த உபயம் 6,000 வெள்ளி, வரும் திருமணங்களுக்கான மண்டப முன்பணம் 3,000 வெள்ளி ஆகிய இரண்டும் அடுத்த ஆண்டுக்குரியவை. மளிகைக்கும் மின்சாரத்திற்கும் கொடுக்கவேண்டிய பாக்கி 5,500 வெள்ளி, 2008ஆம் ஆண்டின் செலவு. டிசம்பரில் நடந்த திருமணத்திற்கு வரவேண்டிய வாடகை 500 வெள்ளி மட்டும் கூடுதல். ஆக, உண்மை மிச்சம் 4,000 வெள்ளி!

திருப்பணி நிதியைத் தொட இயலாது. எட்டுப் பிள்ளைகளுக்கே உதவ முடிந்தது. மற்றப் பன்னிரண்டு வீடுகளுக்கும் நானே சென்று வருத்தம் தெரிவித்தேன்.

சிங்கப்பூரில் 2011இல் அறநிறுவனங்களுக்கென வெளியிடப்பட்ட கணக்கியல் தரமும் நிகழ்வு அடிப்படையைக் கொண்டதே. எனினும் ஓர் எச்சரிக்கை: அதில் மிச்சம் தெரிந்தாலும் கையில் பணம் இல்லாதிருக்கலாம், ஆகவே ரொக்க நிலையையும் பார்க்க வேண்டும். நன்கொடை தருவதாக ஒருவர் வாயால் சொன்னது மட்டும் வருமானமாகிவிடாது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் மீதத் தொகையைக் கேட்டுக் கைதட்டுமுன், அன்பர்கள் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “இதில் அடுத்த ஆண்டுப் பணம் எவ்வளவு? இன்னும் கொடுக்கவேண்டியது எவ்வளவு?” பொருளாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னை அன்று யாராவது கேட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.