குழந்தை மண்எண்ணெய் குடித்து விட்டதா? வாந்தி எடுக்க வைக்காதீங்க!

அடுப்படி மூலையில் ஒரு பழைய குளிர்பான பாட்டில். அதில் பாதி மண்எண்ணெய். தத்தித் தத்தி நடந்து வரும் ஒன்றரை வயது குழந்தைக்கு அது வெறும் கலர் பாட்டில்தான். அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய் விடும்.

அக்கம் பக்கத்தினர் ஓடி வந்து, "உப்புத் தண்ணி கொடு, தொண்டைல விரலை விட்டு வாந்தி எடுக்க வை" என்பார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மண்எண்ணெய் வயிற்றில் கிடப்பதை விட நுரையீரலுக்குள் போவதுதான் மோசம். வாந்தியாக மேலே வரும்போது மூச்சுக்குழாயில் இறங்கி விடும். பிறகு நிமோனியா மாதிரி மூச்சுத் திணறல் வரும். பெட்ரோல், பெயிண்ட் தின்னருக்கும் இதே கதைதான். பாத்ரூம் கழுவும் ஆசிட் என்றால், இறங்கும்போது வெந்த தொண்டை ஏறும்போது மறுபடி வேகும்.

அதனால் குழந்தை தானாக வாந்தி எடுத்தால் ஒருக்களித்து படுக்க வையுங்கள். எண்ணெய் பட்ட சட்டையை கழற்றி, உடம்பை சோப்பு போட்டு கழுவுங்கள். பால், மோர் என்று எதையும் ஊற்ற வேண்டாம். குடித்த பாட்டிலையும் எடுத்துக் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டில் இருந்து விடக்கூடாது. சில மணி நேரம் கழித்தும் இருமல், இளைப்பு வரலாம்.

வேர்க்கடலை, புளியங்கொட்டை, காசு தொண்டையில் சிக்குவது இன்னொரு வகை. சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் உதடு நீலம் பாய்ந்தால் ஒரு நொடி கூட தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை தலை தாழ்ந்து இருக்கும்படி முன்கையில் குப்புற போட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் 5 தட்டு தட்ட வேண்டும். வரவில்லையா? திருப்பிப் போட்டு நடு நெஞ்சில் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும் வரை மாற்றி மாற்றி செய்யலாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நெஞ்சுக்கு பதிலாக, பின்னால் இருந்து கட்டிப் பிடித்து தொப்புளுக்கு சற்று மேலே உள்நோக்கி மேல்வாக்கில் அழுத்த வேண்டும். பொருள் கண்ணுக்கு தெரியாமல் விரலை விட்டு துழாவினால் இன்னும் உள்ளே தள்ளி விடும்.

ரிமோட், பொம்மையில் இருக்கும் வட்ட பேட்டரியை முழுங்கி இருந்தால், "காசு மாதிரி நாளைக்கு வெளியே வந்துடும்" என்று காத்திருக்காதீர்கள். தொண்டையில் நின்று விட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்து விடும்.

சுடுதண்ணீர் கொட்டினால் குழாய் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் இருந்து ஓடுகிறது. காசு கிடையாது. போன் செய்யும்போது பதற்றத்தில் தெருப் பெயரே மறந்து விடும். பக்கத்தில் உள்ள கோவில், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் என ஏதாவது அடையாளம் சொல்லி, ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிற்க வையுங்கள்.