உட்பகையும் உடற்காவலும்

புதுவை நகருக்கு வைத்தியக் கல்வி புதிதன்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1823-ஆம் ஆண்டிலேயே, இங்கே ஒரு வைத்தியப் பள்ளி ஏற்பட்டது. 1954-ல் அவர்கள் ஆட்சி விலகிற்று. 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1964-ல் அது கோரிமேட்டில் ஜவாஹர்லால் ஸ்தாபனமாக வளர்ந்தது. ‘ஜிப்மர்’ என்று சொன்னால் இன்று கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமவாசிக்கும் தெரியும். அங்கே புற்றுநோய்ப் பகுதியில் காத்திருப்பவர்களுள் வயது முதிர்ந்த ஆண்கள் சிலரைப் பிடித்திருக்கும் ஒரு நோயைப் பற்றியும், அதற்குப் புதிதாகப் பேசப்படும் ஒரு சிகிச்சையைப் பற்றியும் இங்கே எழுத எண்ணுகிறோம். வீட்டில் வயதான தகப்பனார் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

வெளியே சொல்லாத நோய்

பிராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, நீர்த்தாரையைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் அது அமைந்திருக்கிறது. வயது ஏற ஏற அது பெருப்பது சகஜம். பெருப்பதெல்லாம் புற்றுநோய் அன்று. ஆயினும் சிலருக்கு அதிலே புற்று தோன்றி, ஆரவாரமின்றி வளர்ந்து, எலும்புகளில் போய்க் குடியேறுகிறது. அப்போதும் நம் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. நீர் பிரியாத கஷ்டத்தைச் சொல்லக் கூச்சம்; இடுப்புவலியோ ‘வாதம்’ என்ற பெயரில் தைலத்தோடு கழிந்துவிடுகிறது. வள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். இந்நோய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை.

முற்றிய நிலையில் இதற்கு வழி கண்டவர் சிகாகோ நகரத்து டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். ஆண்மைக்குரிய ஹார்மோனே இப்புற்றுக்கு உணவு என்பதையும், அதை நிறுத்தினால் புற்று சுருங்கும் என்பதையும் அவர் 1941-ல் காட்டினார். 1966-ல் நோபெல் பரிசு பெற்றார். இன்றும் சிகிச்சைக்கு அஸ்திவாரம் அதுதான். ஆனால் சில காலம் சென்றபின், அந்த உணவில்லாமலே வளரப் புற்று கற்றுக்கொள்கிறது. அங்கேதான் டாக்டர்களுடைய கவலை ஆரம்பமாகிறது.

தலையாரியும் படையும்

நமது ரத்தத்தில் ஒரு காவற்படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியை அது அடையாளங்கண்டு கொல்லும். புற்றுநோயோ நம் சொந்த அணுக்களே கெட்டு உருவாவது. ஆகையால் காவலர்கள் அதைத் தம்மவன் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அவர்களைத் தட்டியெழுப்பி உட்பகையின் மேல் ஏவ முடியுமா? இதுவே புதிய சிகிச்சையின் மூலக் கேள்வி.

பக்கத்து உறுப்பாகிய மூத்திரப்பையில் இது முன்பே பலித்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்துக் கால்மெட், கெரான் என்னும் இருவர் க்ஷயரோகத்துக்காக உண்டாக்கிய பி.சி.ஜி. மருந்தை, மூத்திரப்பையின் மேல்தோலில் தோன்றும் புற்றுக்குப் பிரயோகித்துக் கண்ட நன்மை 1976-ல் வெளியாயிற்று. குழந்தைகளுக்குக் குத்தும் அதே பி.சி.ஜி. இன்றும் அந்நோய்க்குக் கைகொடுக்கிறது.

பிராஸ்டேட் விஷயத்தில் வழி வேறு. ரால்ப் ஸ்டைன்மன் என்னும் அறிஞர் 1973-ல் கிளை கிளையாகக் கைகள் நீண்ட ஒருவகை அணுவைக் கண்டறிந்தார். கிராமத்துத் தலையாரி சந்தேகத்துக்குரிய ஆளைப் பிடித்துப் போலீஸாரிடம் காட்டிக்கொடுப்பதுபோல், இந்த அணு பகைவனின் துணுக்கொன்றை ஏந்திப் படைக்குக் காட்டுகிறது. ஸ்டைன்மனுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தபோது, தம் ஆராய்ச்சியின் பலனைத் தம் உடம்பிலேயே சோதித்தார். 2011-ல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாளாகியிருந்தது.

இத்தலையாரிகளைக் கொண்டு செய்த ஒரு சிகிச்சை ‘ப்ராவெஞ்ச்’. நோயாளியின் ரத்தத்திலிருந்து இவ்வணுக்களைப் பிரித்தெடுத்து, பிராஸ்டேட்டுக்குரிய ஒரு புரதத்தோடு சேர்த்து வைத்து, ‘இவனே பகைவன்’ என்று பாடம் கற்பித்து, மறுபடியும் அவர் உடம்பிலேயே ஏற்றுகிறார்கள். இரண்டு வாரத்துக்கொரு முறையாக மூன்று தடவை. 512 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2010-ல் வெளிவந்தது: சிகிச்சை பெற்றோரின் நடுத்தர ஆயுள் 25.8 மாதம், பெறாதோருக்கு 21.7 மாதம். அதே ஆண்டு அமெரிக்க ஸர்க்கார் அனுமதி தந்தது.

நான்கு மாதம்! அற்பம் என்று தள்ளவும் மனம் வரவில்லை. அற்புதம் என்று கொள்ளவும் முடியவில்லை. பேரப்பிள்ளையின் கல்யாணத்துக்காகக் காத்திருப்பவருக்கு நான்கு மாதத்தின் அருமை தெரியும். ஆனால் விலை? ஆரம்பத்தில் 93,000 டாலர்; அக்காலத்து நம் நாணயத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல். ஐரோப்பாவில் 2013-ல் அனுமதி பெற்ற இம்மருந்தை 2015-ல் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது.

திறக்காத பூட்டு

மற்றொரு வழியும் உண்டு. காவற்படை வரம்பு மீறாதிருக்க இயற்கையே அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. புற்று அந்தக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துத் தப்பித்துக்கொள்கிறது. கடிவாளத்தைத் தளர்த்தும் வழியைக் கண்ட அமெரிக்கரான ஆலிஸனும் ஜப்பானியரான ஹோன்ஜோவும் 2018-ல் நோபெல் பரிசு பெற்றனர். தோலில் தோன்றும் கொடிய கரும்புற்றிலும், நுரையீரல் புற்றிலும் இவ்வகை மருந்துகள் செய்த நன்மை பெரிது.

பிராஸ்டேட்டில் மட்டும் அவை பெரும்பாலும் தோற்றன. காரணம் தெளிவானதே. இப்புற்றின் அணுக்களில் மாறுதல்கள் குறைவு. ஆகவே படைக்கு அந்நியனாகத் தோன்றுவதில்லை. புற்றுக்குள்ளே காவலர்களும் அதிகம் நுழைவதில்லை. நுழைந்தவர்களையும் அடக்கிவைக்கும் அணுக்கள் அங்கே உண்டு. டாக்டர்கள் இதைக் ‘குளிர்ந்த புற்று’ என்கிறார்கள். 1,297 பேரிடம் சோதித்த இன்னொரு தடுப்பூசியும் ஆயுளை நீட்டவில்லை.

ஆனால் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய மூவரிடம், அணுவின் பிழை திருத்தும் கருவி பழுதாகி மாறுதல்கள் மிகுந்திருக்கும். அவர்களுக்குக் கடிவாளம் தளர்த்தும் ‘பெம்ப்ரோலிஸுமாப்’ நல்ல பலன் தரக்கூடும். இப்பழுதுள்ள புற்றுகளுக்கு அதை 2017-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். புற்றின் சதைத் துணுக்கைச் சோதித்தே இதை அறியலாம். ஒரு கையால் புற்றையும் மறுகையால் காவலனையும் பற்றி இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தும் புதிய மருந்துகள் இப்போது சோதனையில் இருக்கின்றன. படை மிஞ்சிக் கிளம்பினால் குடல், ஈரல், நுரையீரல், தைராய்டு ஆகியவற்றையே தாக்கவுங்கூடும் என்பதை மறக்கலாகாது.

நம் தேசத்தின் முயற்சி

விலை உயர்ந்த சீமை மருந்தைப் பார்த்து ஏங்குவதோடு நம்மவர்கள் நின்றுவிடவில்லை. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், தலையாரி அணுக்களைக் கொண்டு கருப்பைவாய்ப் புற்றுக்கு ஒரு சிறு சோதனை நடத்தியது. பம்பாய் டாட்டா மருத்துவமனையாரோ, முற்றிய தலை, கழுத்துப் புற்றுள்ளோருக்கு ‘நிவோலுமாப்’ மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கொருமுறை 20 மில்லிகிராம் வீதம், மற்ற மருந்துகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16.3-லிருந்து 43.4 ஆக உயர்ந்தார்கள். இது பிராஸ்டேட்டுக்கு நிரூபணமானதன்று. ஆயினும் ஏழைத் தேசத்துக்கு ஏற்ற கேள்வியை நாமே கேட்டு, நாமே விடை காணலாம் என்பது நிரூபணமாகிவிட்டது.

அடமானத்துக்கு முன்

நம்மிடம் படித்த ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். தகப்பனாருக்கு இந்நோய், எதிர்ப்புச் சக்தியை எழுப்பி ‘முற்றிலும் குணப்படுத்துவதாக’ வெளியூர் நிறுவனம் ஒன்று கூறிற்று. வீட்டை அடமானம் வைக்கப் பத்திரம் எழுதவும் தயாராயிருந்தார். “டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வா, தம்பி” என்றோம். எத்தனை பேரிடம், யாரோடு ஒப்பிட்டு இது சோதிக்கப்பட்டது? அப்பாவின் புற்றில் அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? கிடைக்கக்கூடியது குணமா, சில மாதங்களா? துணுக்கு சோதிக்கப்பட்டது, பழுது இல்லை. பத்திரம் எழுதப்படவில்லை. பெரியவர் ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறார். மாலையில் கடற்கரையில் உலாவுகிறார்.

விஞ்ஞானம் நம்பிக்கை தருகிறது. கடை விரிப்பவர்கள் அந்நம்பிக்கையை விலை பேசுகிறார்கள். இரண்டையும் பிரித்தறியப் படித்த குடும்பங்கள் பழக வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐம்பது தாண்டிய ஆடவர்கள் நீர்க்கஷ்டத்தையும், நீங்காத முதுகுவலியையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லட்டும், பி.எஸ்.ஏ. என்னும் ரத்தச் சோதனை தமக்கு வேண்டுமா என்று கேட்கட்டும். அவர்கள் கேட்கக் கூசினால், பிள்ளைகள் கேட்கட்டும்.