தேறலும் கருப்பநீரும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்திலே பாரிஸ் மாநகரில் மதுக்கடை ஒன்றினுள் நான் இரண்டு மணிநேரம் இருந்தேன் என்று கூறினால், என்னிடம் நன்னூல் பாடங் கேட்ட மாணாக்கர் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுவே. குடித்தேன் அல்லேன், இருந்தேன், கண்டேன், கேட்டேன். மூக்குக்கு மட்டும் விரதத்திலிருந்து விலக்களித்தேன்.

தங்கையின் மகளது திருமணத்துக்காகச் சென்றிருந்தேன். நம்மவர் கடைகள் நெருங்கிய லா சப்பெல் பகுதியிலே, முருங்கைக்காய் அடுக்கிய பெட்டியொன்றின் அருகில் நின்றபோது, "பண்டிதர் ஐயா!" என்றொரு குரல் கேட்டது. திரும்பினேன். கால் நூற்றாண்டுக்கு முன் என்னிடம் எட்டாம் வகுப்பிலே தமிழ் படித்தவர். அவர் பெயரை இங்கே எழுதுதல் முறையன்று. பிரான்சுக்கு வந்து உணவகத்திலே கோப்பை கழுவி, பின் அங்கேயே மதுவகைகளைப் பற்றி முறையாகக் கற்று, இப்போது தம் குடியிருப்புக்கு அணித்தான ஒரு மதுக்கடையிலே பணிபுரிவதாகச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பின்னர், "சனிக்கிழமை மாலை தோட்டக்காரர் வீட்டார் ஒருவர் கடைக்கு வருகிறார். வாருங்கள், ஐயா. குடிக்க வேண்டாம், பார்க்கலாம்" என்றார்.

அந்நாட்டிலே இஃதொரு வழக்கம். முந்திரிகை பயிரிட்டு மதுவாக்கும் குடும்பத்தார் தாமே போத்தல்களைச் சுமந்து சிறு கடைகளுக்கு வந்து, அயலவர்க்குச் சிறிது சிறிதாக ஊற்றிக் கொடுத்து, தம் நிலத்தின் வரலாற்றை உரைப்பர். அன்று வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஆங்கிலேயர் பேர்கண்டி என வழங்கும் பகுதியிலே, போன் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரினர். பட்டணத்துப் பெண்ணின் கையன்று அவர் கை. விரல் வெடிப்புகளிலே கருஞ்சிவப்புக் கறை ஏறியிருந்தது.

என்னை முதலில் வியப்பித்தது அவர்கள் துப்பியது. வாயிலிட்டு, நாவாற் புரட்டி, காற்றை உள்ளிழுத்து, பின் ஒரு சிறு வாளியிலே உமிழ்ந்துவிடுகின்றனர். சுவைப்பதற்கே வந்தனர், மயங்குதற்கன்று. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இவ்வாளியைக் கண்டிருந்தால் யாது சொல்லியிருப்பார் என எண்ணி எனக்குள் நகைத்துக்கொண்டேன்.

அடுத்து வியப்பித்தது அவர்கள் சொல்வளம். ஒருவர் மழை நனைத்த மண் என்றார். இன்னொருவர் காளான் என்றார். முதியவர் ஒருவர் செரிப் பழம் என்று சொல்லிப் பின் இல்லை, செரிப் பழத்தின் கொட்டை என்று திருத்தினார். நம் முன்னோர்க்கும் இத்துறையிலே சொற்பஞ்சம் இருந்ததில்லை. தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி எனச் சங்க நூல்களில் எத்தனை பெயர்கள்! யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுமாறு நக்கீரர் புறநானூற்றிலே வாழ்த்துகிறார். 1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது கிடைத்த கூர்ங்குடச் சில்லுகள் அவ்வாணிகத்துக்குச் சான்று. ஆதலின் மேலைநாட்டு முந்திரிகைத் தேறலைத் தமிழ்ப் புலவன் மோந்து பார்ப்பது புதிதன்று என்று மனத்துக்கு ஆறுதல் கூறிக்கொண்டேன். இன்று யாழ்ப்பாணத்திலே எமக்கு எஞ்சியிருப்பது கள் என்னும் ஒரே சொல். அதனையும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறோம்.

அப்பெண் இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்தார். இரண்டும் பினோ நுவார் என்னும் ஒரே கொடியின் பழம், ஒரே ஆண்டு, ஒரே கையாற் செய்தவை. இடையிலே ஒரு கல்மதிலும் சிறிது சரிவுமே வேறுபாடு. மோந்து பார்த்தேன். என் மூக்குக்கே வேற்றுமை தெரிந்தது! அத்தகைய நிலத்துண்டு ஒவ்வொன்றையும் அவர்கள் 'கிளிமா' என்பர். பிறவிடங்களில் காலநிலையைக் குறிக்கும் அச்சொல், அங்கே ஒரு காணியின் பெயராகிவிட்டது. 1,247 கிளிமாக்களைச் சேர்த்து 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. நெப்போலியனின் 1804 ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் யாவர்க்கும் சமபங்கு விதித்ததால் துண்டுகள் மேலும் துண்டுகளாயின. சில நிரைக் கொடிகள் மட்டும் உடையோரும் உளர். பரப்புக் கணக்கிலே முதுசக் காணி பிரித்து வழக்காடும் எங்களூரார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நிலத்தைச் சொன்னவர் பின்பு பொழுதைச் சொன்னார். போன் நகரிலே 1354 ஆம் ஆண்டிலிருந்து அறுவடை தொடங்கிய நாள்கள் பதிவுகளில் உள்ளன. அவற்றை 2018 வரை தொகுத்து ஆராய்ந்தோர், 1988 தொடக்கம் அறுவடை முன்னைய நூற்றாண்டுகளிலும் சராசரியாக 13 நாள் முந்திவிட்டதென 2019 இல் வெளியிட்டனர். வெப்பம் மிகுந்ததால் அரும்புகளும் முந்துகின்றன. முந்திய அரும்பைப் பின்வரும் உறைபனி கருக்குகின்றது. 2021 ஏப்பிரலில் அவ்வாறே நேர்ந்தது. குடும்பத்தார் அனைவரும் இரவிரவாகக் கொடி நிரைகளிடையே மெழுகுப் பந்தங்கள் ஏற்றிக் காத்தும், பெரும்பகுதி போயிற்று என்றார். 228 லீற்றர் பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 300 போத்தலாகும். ஒரு துண்டிலே அவ்வாண்டு ஒரு பீப்பாய்கூட நிறையவில்லையாம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதுமே எனத் தொல்காப்பியர் வகுத்ததை முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அன்று அதனைக் கண்ணாடிக் கிண்ணத்திலே கண்டேன்.

பின்னர் அவர் கறைபடிந்த தம் இரு கைகளையும் உயர்த்திக் காட்டி, நகைமுகத்துடன் ஏதோ உரைத்தார். அதுவரை உடனுக்குடன் தமிழாக்கி வந்த என் மாணாக்கர் சற்றே நின்றார். பின், "எங்கள் குடும்பத்திலே நான் எட்டாந் தலைமுறை என்கிறா, ஐயா" என்றார்.

அவர் ஏன் நின்றார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய தகப்பனார் சீவல் தொழிலாளி. தளநாரும் பாளைக்கத்தியுமாக நாள்தோறும் காலையும் மாலையும் பனையேறியவர். 1998 இலே "எனது தந்தையாரின் தொழில்" என்று நான் கட்டுரை எழுதவிட்டபோது, இவர் தம் தந்தை கமக்காரர் என்று எழுதினார். கலப்பையும் எருதும் அழகாக வந்திருந்தன. உண்மையை அறிந்திருந்தும் நான் வாய்திறவாமற் புள்ளியிட்டேன். அதனைக் கருணை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அதே வகுப்பிலே கள்ளுண்ணாமை படிப்பித்த நாளில் வாங்குகளிலிருந்து சில தலைகள் அவர் பக்கம் திரும்பின. நான் புத்தகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மாணாக்கர் அப்பெண்ணிடம் பிரெஞ்சிலே பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். கைகளால் மரத்தை அணைத்துக் காட்டினார். கடையிலிருந்தோர் கிண்ணங்களை வைத்துவிட்டுக் கேட்டனர். நாளுக்கு எத்தனை மரம், எத்தனை முறை, முட்டியிலே என்ன இடுவது என்று அப்பெண் அடுக்கடுக்காக வினவினார். ஒன்றும் சேர்க்காமலே சில மணிநேரத்திற் புளித்துவிடும் என்றதும், "நாங்களும் மதுவம் சேர்ப்பதில்லை, தோலிலே இருப்பதே போதும்" என்றாராம். முட்டியிலே சுண்ணாம்பு பூசினாற் புளிக்காது, அதுவே கருப்பநீர் என்றபோது, அது எப்படிச் சுவைக்கும் என்று கேட்டார்.

மாணாக்கர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, அப்புவின் கருப்பநீர் நீங்கள் குடித்திருக்கிறீர்கள். சொல்லுங்கள்."

குடித்திருக்கிறேன். பருவந்தோறும் அவர் கொண்டுவருவார். எங்கள் படலைக்கு வெளியே நின்று நான் ஏந்திய பிளாவில் ஊற்றுவார். உள்ளே வாரும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

தேறலுக்கு ஐந்து பெயர் எண்ணிய எனக்கு அப்போது சொல் வரவில்லை. "இனிப்பு" என்றேன். எல்லாரும் காத்திருந்தனர். பின்பு, சுண்ணாம்பின் மெல்லிய கார்ப்பு நாநுனியிலே நிற்கும் என்றும், பிளாவின் பச்சையோலை மணம் முதலில் வரும் என்றும், விடியற்குளிர் அதிலே இருக்கும் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். அப்பெண் ஒரு சிறு கொப்பியிலே எழுதிக்கொண்டு, அச்சொல்லை மறுபடி சொல்லும்படி கேட்டார். கருப்பநீர் என்று அவர் இருமுறை உரத்துச் சொன்னார்.

நிலக்கீழ்ப் புகையிரத நிலையம்வரை என்னை வழியனுப்ப வந்தார். படியருகே, "அந்தக் கட்டுரைக்கு எழுபத்தெட்டுப் புள்ளி தந்தீர்கள், ஐயா. தெரிந்துதானோ?" என்றார்.

"தெரியும், தம்பி."

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார். அவர் குரலிலே கோபம் இல்லை. அதுவே எனக்குக் கடினமாயிருந்தது. அவரது தகப்பனார் காலமாகி ஏழாண்டு என்று அப்போதுதான் அறிந்தேன்.

"இப்போது அதனை எழுதி எனக்கு அனுப்பும்" என்றேன்.

மார்கழியிலே கடிதம் வந்தது. நான்கு பக்கம். தலைப்பு பழையதே. வல்லினம் மிக வேண்டிய இரண்டிடத்தில் மிகவில்லை. திருத்தித் திருப்பி அனுப்பினேன். புள்ளி இடவில்லை.