இரண்டு ஷிப்ட், ஒரு குடித்தனம்

நம் கல்கத்தாவில் மிகச் சிக்கனமாக எடுக்கப்பட்ட ஒரு வங்காளிப் படத்தைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல ஆசை. பெயர் 'ஆஷா ஜாவார் மாஜே'. 'வருவதற்கும் போவதற்கும் நடுவே' என்று பொருள். இயக்குநர் ஆதித்ய விக்ரம் சென்குப்தாவுக்கு முதல் படம். மகேந்திர ஷெட்டியுடன் சேர்ந்து காமிராவையும் அவரே பிடித்தார். கலைப் பொறுப்பு அவர் மனைவி ஜோனகி பட்டாசார்யாவுடையது. 2014-ல் வெனிஸ் நகரில் முதலில் திரையிட்டார்கள். முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது பின்னால் வந்தது.

கதை இவ்வளவுதான்: இளம் மனைவிக்குப் பகலில் கைப்பைத் தொழிற்சாலை. கணவனுக்கு இரவில் அச்சகம். அவன் வீடு திரும்பும் வேளையில் அவள் புறப்பட வேண்டும். இத்தாலிய எழுத்தாளர் இதாலோ கால்வினோவின் சிறுகதை ஒன்றிலிருந்து எடுத்த கரு. பின்னணியில் ஆட்குறைப்பு, போராட்டம் என்று குரல்கள் கேட்கின்றன. ஒருவர் வேலை போனாலும் குடித்தனம் ஆடிப்போகும் என்பது சொல்லாமலே விளங்குகிறது.

இருவரும் படம் நெடுக ஒரு வார்த்தை பேசுவதில்லை! பின் எப்படிக் கதை நகர்கிறது? ரயில்வேயில் ஷிப்ட் மாறும்போது சார்ஜ் புத்தகத்தில் எழுதி வைப்போம். அடுத்து வருபவர் படித்துக்கொள்வார். இங்கே வீடே அந்தப் புத்தகம். உலர்த்திய துணி, வாங்கி வந்த மீன், மூடி வைத்த சாப்பாடு எல்லாம் அடுத்தவருக்கான குறிப்புகள். அடுப்பில் வைத்த சட்டியில் ஈரம் சுருங்கி மறைவதைக்கூடப் பொறுமையாகக் காட்டுகிறார்கள். மணி என்ன என்பதை டிராம், சைக்கிள், அச்சு இயந்திரம் இவற்றின் ஓசை சொல்லிவிடும். ஒலியமைப்புக்குத் தனியாகத் தேசிய விருது கொடுத்தது நியாயமே.

முடிவில் சில நிமிடங்கள் சந்திக்கிறார்கள். அங்கே வரும் கனவுக் காட்சி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

வீட்டுக்காரிக்கு ஒட்டியது. நான் ஹௌரா பக்கம் இரவு டியூட்டி பார்த்த காலத்தில் அவள் காலைப் பள்ளியில் ஆசிரியை. நான் வரும்போது வீடு பூட்டியிருக்கும். பில்டரில் டிகாக்ஷன் மட்டும் சூடாக இருக்கும்.

"ஆபீஸ் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினீர்களே, காபி நன்றாயிருந்தது என்று ஒரு நாள் ஒரு சீட்டு எழுதி வைத்தீர்களா?" என்றாள் படம் முடிந்ததும்.

நான் எழுதி வைத்ததில்லை.

மொத்தம் 84 நிமிடம்தான். தம்பதியாக உட்கார்ந்து பாருங்கள்.